முடக்குவாதத்துக்குத் துணை: பெரிய குழுவா, சின்னக் குழுவா, ஒரே ஒரு ஆளா?

முடக்குவாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு, வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைப் போட்ட மறுநாள் ஏன் இப்படிச் சுருண்டு படுக்கத் தோன்றுகிறது? விரல் மடங்காத காலையில் பிள்ளையின் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது? நேற்று படியேறிய ஆள் இன்று ஏறமுடியாமல் நின்றால், அலுவலகத்தில் நடிப்பு என்று நினைக்கமாட்டார்களா? இந்தக் கேள்விகளுக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பதில் இருக்காது. மருத்துவருக்கு நேரமும் இருக்காது. இதே நோயோடு சில வருடம் குப்பை கொட்டியவரிடம்தான் இருக்கும்.

அந்த ஆளை எங்கே பிடிப்பது? ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கும் சமூக ஊடகக் குழு, இருபது முப்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழு, நேரில் கூடும் கூட்டம், சில வாரம் நடக்கும் பயிற்சி வகுப்பு, தொலைபேசியில் பேசும் ஒரே ஒரு துணை. இத்தனையையும் ‘சப்போர்ட் குரூப்’ என்ற ஒரே பெயரில் அடைத்து, “ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். எதில், எப்போது என்று யாரும் சொல்வதில்லை.

என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நோய் புதிது என்றால் முதலில் ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள். பெரிய குழுவுக்குக் கடைசியாகப் போங்கள். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் எதிர். பெரிய குழுவில் சேர ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், ஒற்றை ஆளைத் தேட அலைய வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

பெரிய குழு: நேரம் காலம் இல்லாத சந்தை

முதலில் அதன் நியாயத்தைப் பேசிவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகம் முழுக்க முடக்குவாதத்தோடு வாழ்ந்தவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள். எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் நூறு பேரில் ஒருவருக்குக்கூட வராத நோய் இது. உங்கள் வட்டத்தில் இன்னொருவர் இருப்பதே அபூர்வம். அதிலும் இந்த நோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், வயது இருபத்தைந்து, கூடவே தைராய்டு என்று உங்கள் கதை கொஞ்சம் விசித்திரமாக இருந்தால், அதே கதை உள்ள இன்னொருவரைக் காட்டக்கூடியது பெரிய குழு மட்டும்தான். நடுராத்திரி வலியில் எழுந்து உட்கார்ந்தாலும் அங்கே யாரோ விழித்திருப்பார்கள்.

சிக்கல், அங்கே யார் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது. மருந்து ஒத்துக்கொண்டு நோய் அடங்கியவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். அவருக்குக் குழு நினைவே வராது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர், பக்கவிளைவில் மாட்டியவர், மூன்றாவது மருந்துக்கு மாறுகிறவர் தினமும் எழுதுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் அந்தப் பதிவுகளை மட்டும் படித்துவிட்டு, இந்த நோய் வந்த எல்லாருக்கும் இதுதான் கதி என்று முடிவு கட்டுகிறார். நன்றாக இருப்பவர்கள் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து நம் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது.

இரண்டாவது சிக்கல் நோயின் குணம். முடக்குவாதம் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் எதையாவது புதிதாக முயல்வார். உச்சம் தொட்டது எப்படியும் இறங்கும். இறங்கும்போது கையில் எந்த எண்ணெய் இருந்ததோ, எந்தக் கஷாயம் இருந்ததோ, பெயர் அதற்குப் போய்விடும். “எனக்கு முழுசாகக் குணமாகிவிட்டது” என்று எழுதுகிறவர்களில் பலர் மனதார நம்பித்தான் எழுதுகிறார்கள். அதை நம்பி இன்பாக்ஸில் விலைப்பட்டியலோடு வருகிறவர்கள் வேறு ரகம்.

மருந்து விஷயத்தில் இது வெறும் குழப்பத்தோடு நிற்பதில்லை. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் “இன்னும் ஒன்றும் தெரியவில்லை” என்று எழுதினால், “எனக்கும் அப்படித்தான், நிறுத்திவிட்டேன்” என்று ஐம்பது பதில் வரும். ஸ்டீராய்டு மாத்திரையைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. “நானே நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்கிற ஒரு வரிக்கு முன்னால் அந்த எச்சரிக்கை எடுபடுவதில்லை. ஒருவருக்கு 7.5 மில்லிகிராம், இன்னொருவருக்கு 20 என்று டோஸ் ஒப்பிட்டுக்கொள்வதிலும் பொருள் இல்லை. சிறுநீரகம், ஈரல், நோயின் வேகம் எல்லாம் பார்த்துத்தான் அது முடிவாகிறது. இத்தனைக்கும் மேல், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை போடும் மருந்து. அதைத் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் குழுவில் யார் என்ன எழுதினாலும், மருந்துச் சீட்டில் உள்ளதுதான் பேச்சு.

இன்னொன்று: உங்கள் பெயரும் படமும் உள்ள கணக்கிலிருந்து நோய் விவரத்தைப் பொதுவில் எழுதினால், நாளைக்கு வேலை கொடுக்கப்போகிறவரும் அதைப் படிக்கலாம்.

வாட்ஸ்அப் குழு: அட்மினைப் பொறுத்தது

இருபது முப்பது பேர் என்றால் முகம் நினைவிருக்கும். யார் எந்த மருந்தில் இருக்கிறார், யாருக்கு எந்தக் கை மோசம் என்பது தெரிந்திருக்கும். இரண்டு நாள் சத்தம் இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். பெரிய குழுவில் இது நடக்காது. விரல் வீங்கிய நாளில் தட்டச்சு செய்ய வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் போதும் என்பது சின்னச் சலுகை போலத் தோன்றலாம். வீங்கிய கட்டைவிரலோடு ஒரு பத்தி அடித்துப் பார்த்தவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

கெட்டுப்போவதும் சீக்கிரம். காலை வணக்கப் படம், ஃபார்வர்டு வைத்தியம், ஒரே ஆளின் புலம்பல் என்று மூன்று மாதத்தில் எல்லாரும் மியூட்டில் போட்டுவிடுவார்கள். உருப்படியாக ஓடும் குழுக்களில் இரண்டு கட்டுப்பாட்டை நான் கவனித்திருக்கிறேன்: டோஸ் பற்றிய யோசனை கூடாது, எதையும் விற்கக் கூடாது. மீறுகிறவரை முகதாட்சண்யம் பார்க்காமல் வெளியேற்றும் அட்மின் இருந்தால் அந்தக் குழு நிற்கும். இல்லையென்றால் அது சின்ன அளவில் இன்னொரு பெரிய குழு, அவ்வளவுதான்.

நேரில் கூடும் கூட்டம்

நேரில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. கோணிய விரலோடு ஒருவர் பேனா பிடிப்பதைப் பார்த்தால், தடித்த பிடியின் அருமை உடனே புரிகிறது. பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டுவது, ஜாடி மூடியை விரலால் அல்லாமல் உள்ளங்கையால் அழுத்தித் திருகுவது எல்லாம் எழுத்தில் ஒட்டாது.

ஆனால் இதற்குள் ஒரு முரண் இருக்கிறது. எந்த நாளில் துணை அதிகம் தேவையோ அந்த நாளில்தான் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் நோய்க்குக் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

அடுத்தது, அங்கே யார் வருகிறார்கள் என்பது. ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்று பொதுவாகப் பெயர் வைத்த கூட்டத்தில் பெரும்பான்மை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள். அதே 2019 கணக்கில் தேய்மானம் உள்ளவர்கள் சுமார் 52.8 கோடி. முடக்குவாதத்தைப் போலக் கிட்டத்தட்ட முப்பது மடங்கு. தேய்மானத்தின் பேச்சு வேறு: எடை குறைப்பு, முழங்கால் பயிற்சி, அறுவை சிகிச்சை. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. உடம்பு முழுக்க அசதி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, தொற்று பயம் என்று நம் கவலைகளை அங்கே எடுத்துச் சொல்லவே கால் மணி நேரம் போய்விடும். கூட்டத்துக்குப் போவதற்கு முன், முடக்குவாதத்துக்கென்று தனி அமர்வு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இளம் வயதில் நோய் வந்தவர் அங்கே முதியவர் ஒருவரின் கையைப் பார்த்துக் கலங்கிப்போவதும் உண்டு. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளில் முடக்குவாதத்துக்கென்று முதலில் வந்த எடானர்செப்ட் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1998-இல்தான். நோய் தெரிந்தவுடனே மருந்தைத் தொடங்கி, அடங்கும்வரை மாற்றி மாற்றிப் பார்ப்பது என்ற முறையும் அதையொட்டிய காலத்தில்தான் பரவியது. அதற்கு முன்பே நோயோடு போராடத் தொடங்கியவரின் கை, இன்றைக்குத் தொடங்குகிறவரின் ஜாதகம் ஆகாது. வீடியோ அழைப்பில் நடக்கும் கூட்டம் பயணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கைவேலை நுணுக்கம் பாதிதான் வரும்.

பயிற்சி வகுப்பு

இதைப் பலர் துணை என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் 1970-களின் இறுதியில் தொடங்கிய மூட்டுவாதப் பயிற்சி வாரம் ஒருமுறை, சுமார் இரண்டு மணி நேரம், ஆறு வாரம் நடப்பது. நடத்துகிறவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், அவர்களில் பலருக்கு அதே நோய் இருக்கும். 1993-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்றவர்களை நான்கு வருடம் கழித்துப் பார்த்தது. வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது, மருத்துவரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் உடல் இயலாமையோ 9 சதவீதம் கூடியிருந்தது. நோய் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது, மனிதர்களுக்கோ வலி குறைந்திருக்கிறது. ‘இதை என்னால் சமாளிக்க முடியும்’ என்ற தெம்பு வளர்ந்ததுதான் இதற்குப் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்தப் பயிற்சியில் தேய்மானக்காரர்களும் கலந்திருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், இங்கே பேசும் வழிகளில் இவ்வளவு நீண்ட காலத் தடயம் வேறு எதற்கும் இருப்பதாக நான் அறியவில்லை.

குறை ஒன்றுதான்: ஆறு வாரத்தோடு முடிந்துவிடும். அங்கே கிடைத்த இரண்டு பேரின் எண்ணை வாங்காமல் வந்தால், நோட்டுப் புத்தகம் மட்டும்தான் மிஞ்சும்.

ஒரே ஒரு ஆள்

பிரிட்டனில் ஏய்ல்சா போஸ்வொர்த் என்ற பெண்மணி, தானே முடக்குவாதத்தோடு வாழ்ந்தவர், 2001-இல் தேசிய முடக்குவாதச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நோயாளிகளோடு தொலைபேசியில் பேசுகிறார்கள். அவர்களும் அதே நோய் உள்ளவர்கள். நான் சொல்லும் ‘ஒரே ஒரு ஆள்’ இந்த மாதிரிதான். உங்களைவிட இரண்டு மூன்று வருடம் முன்னே போனவர், முடிந்தால் அதே மருந்தில் இருப்பவர், முடிந்தால் அதே வயது.

மற்ற வழிகளில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. உங்கள் கேள்வி முழுசாகக் கேட்கப்படுகிறது. “முடி கொட்டுகிறது” என்று சொன்னால் ஐம்பது பேரின் முடிக்கதை வராது. “எவ்வளவு நாளாக? மெத்தோட்ரெக்சேட்டோடு கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அடுத்த முறை டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்” என்று பதில் வரும். கணவரோ மாமியாரோ நோயை நம்பாத கதையைக் குழுவில் சொல்ல முடியாது. ஒருவரிடம் சொல்லலாம்.

பலவீனங்களும் உண்டு. அவருடைய அனுபவம் ஒரே ஒரு அனுபவம். அவருக்கு ஒத்துக்கொண்ட மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அப்போது இருவருக்கும் சங்கடம். அவருக்கே வலி மூண்டெழுந்தால் துணை அறுந்துபோகும். தினமும் அழைத்தால் அவர் களைத்துவிடுவார். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம் என்று தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

யாருக்கு எது

நோய் தெரிந்து ஒரு வருடம் ஆகாதவர்: ஒற்றை ஆள், கிடைத்தால் பயிற்சி வகுப்பு. பெரிய குழுவில் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் எழுதாமல், தேடல் பெட்டியில் உங்கள் கேள்வியைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பல வருடப் பழக்கம் உள்ளவருக்குத் தகவல் பசி தீர்ந்திருக்கும், கூட்டாளிகள்தான் தேவை. அவருக்குச் சின்ன வாட்ஸ்அப் குழு.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணின் நிலை தனி. மெத்தோட்ரெக்சேட், முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லெஃப்லுனோமைடு இரண்டும் கருவுக்கு ஆபத்தானவை. கருத்தரிக்கும் முன்பே எதை, எப்போது நிறுத்துவது என்பது மருத்துவரோடு மட்டுமே பேச வேண்டியது. எந்தக் குழுவுக்கும் அதில் இடமில்லை. கர்ப்பத்தில் பலருக்கு நோய் தணியும், பிரசவத்துக்குப் பின் மீண்டும் மூளும். மணிக்கட்டு வீங்கிய நிலையில் கைக்குழந்தையை எப்படித் தூக்குவது என்று அப்போது சொல்லித்தர, அதைக் கடந்து வந்த தாய் ஒருவர் வேண்டும். அவரைப் பிரசவத்துக்கு முன்பே தேடிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் எந்தக் குழுவிலும் சிறுபான்மைதான். பலர் வாயே திறப்பதில்லை. அவர்களுக்கும் ஒற்றை ஆள்தான் சரிப்படும் என்பது என் எண்ணம்.

அந்த ஒற்றை ஆளைத் தேட நேர் வழி உங்கள் மருத்துவமனையிலேயே இருக்கிறது. மருத்துவரிடமோ செவிலியரிடமோ, “இதே மருந்தில் நன்றாக இருக்கும் யாராவது என்னோடு பேசச் சம்மதிப்பார்களா?” என்று கேளுங்கள். இன்னொரு நோயாளியின் பெயரை அவர்கள் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. உங்கள் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், விருப்பமுள்ளவர் அழைக்கட்டும். நோய் அடங்கி, குழுக்களை விட்டு எப்போதோ போய்விட்டவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அங்கே வந்துதான் ஆக வேண்டும்.