வெள்ள நிவாரணத்துக்கு எங்கே கொடுப்பது: லாரியா, முதலமைச்சர் நிதியா, உள்ளூர் அறக்கட்டளையா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டதில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் விடிவதற்குள் மூழ்கிவிட்டன. அந்த வாரக் கடைசியில் காட்பாடியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து 60,000 ரூபாய் திரட்டி, தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அதை என் பொறுப்பில் விட்டார்கள். பொருள் வாங்கி லாரியில் அனுப்புவதா, முதலமைச்சரின் பொது நிவாரண நிதியில் செலுத்துவதா, பாதிக்கப்பட்ட பகுதியிலேயே இயங்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றுக்குக் கொடுப்பதா என்று இரண்டு நாள் பேசினோம். என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லாரி வேண்டாம் என்று நான் சொன்னதற்கு 2018 கஜா புயல்தான் காரணம். அப்போது வேலூர் மண்டித் தெருவில் அரிசி, பருப்பு வாங்கி, வீடு வீடாகத் துணி சேகரித்து, வேதாரண்யம் பக்கம் கொண்டுபோனோம். சரக்கின் மதிப்பு சுமார் 90,000 ரூபாய். லாரி வாடகை, சுங்கச்சாவடிக் கட்டணம், உடன் சென்ற ஆறு பேரின் சாப்பாடு எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆனது. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பள்ளியின் தாழ்வாரம் முழுவதும் எங்களுக்கு முன்பே வந்த துணி மூட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. மழைச் சாரல் பட்டு அடி மூட்டைகளில் பூசணம் பிடித்திருந்தது. ஒரு பெண்மணி எங்கள் லாரியை எட்டிப் பார்த்து, "தார்ப்பாய் இருக்குதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். கூரை பறந்த வீடுகள்தான் அங்கே எங்கும். விழுந்த தென்னைகளை அறுக்க மர அறுப்பு இயந்திரமும் தார்ப்பாயும் கொசுவர்த்தியும் கேட்டார்கள். நாங்கள் கொண்டுபோனவற்றில் அவை எதுவும் இல்லை.

ஆனால் நம் ஊரிலேயே, நடந்துபோகும் தொலைவில் வெள்ளம் வந்தால் கதை வேறு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்த அதே நாட்களில், தாழ்வான பகுதிகளிலிருந்து பள்ளிகளில் தங்க வைக்கப்பட்டவர்களுக்குச் சுடச்சுட சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போனோம். என்ன வேண்டும் என்று காலையில் கேட்டு மாலையில் கொடுக்க முடிந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தால் பொருளாகவே கொடுக்கலாம்.

முதலமைச்சர் நிதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணம் பத்திரம், ரசீது உடனே வரும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்படி முழுத் தொகைக்கும் கழிவு உண்டு, அதாவது கொடுத்த தொகை முழுவதையும் வரிக்கு உட்பட்ட வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இரண்டிலும் கழிவு கிடையாது என்பதால், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனால் அந்த நிதி புயலுக்கு மட்டுமான நிதியன்று. விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கும் அதிலிருந்துதான் உதவி அறிவிக்கப்படுகிறது. நம் பணம் இன்ன ஊருக்குத்தான் போக வேண்டும் என்று நாம் சொல்ல இயலாது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: தண்ணீர் வடிந்து மூன்றாம் மாதம் அந்த ஊரில் யார் இருப்பார்கள்? முதல் பத்து நாள் எல்லோரும் இருக்கிறார்கள். லாரிகள் வரிசையில் நிற்கின்றன, ஒரே குடும்பத்துக்கு மூன்று முறை பிரெட் பாக்கெட் கிடைக்கிறது. பொங்கல் கழிந்த பிறகு அந்தச் சாலையில் வெளியூர் வண்டி எதுவும் வருவதில்லை. நிவாரண அரிசி தீர்ந்து, போன பிழைப்பு திரும்பாமல், வட்டிக்கு வாங்கத் தொடங்குவது அப்போதுதான்.

இதை விளக்க ஆடு மாட்டுக் கணக்கு போதும். ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு அறிவித்த நிவாரணம் இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் கறவை மாடு விலை பேசியவர்களுக்கும், திங்கட்கிழமை கே.வி.குப்பம் சந்தையில் ஆடு பிடித்தவர்களுக்கும் அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்பது தெரியும். அந்தத் தொகையைப் பெறவும் ஆடு இறந்ததற்குச் சான்று வேண்டும். ஆற்றோடு போன ஆட்டுக்கு எதைக் காட்டுவது? அரசு விதிப்படிதான் கொடுக்க முடியும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. விதிக்குள் வராத இழப்புக்கு வேறு கை வேண்டும், அந்தக் கை ஊரை அறிந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது விழுப்புரம் மாவட்டத்தில் புயலுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மகளிர் குழுக்களோடு வேலை செய்துவரும் ஓர் அறக்கட்டளை. தொலைபேசியில் பேசிய களப்பணியாளர், "சார், அரிசி அனுப்பாதீங்க, இங்க ரெண்டு மாசத்துக்கு இருக்குது. இப்போ சேறு அள்ளணும், கெணறு எறைக்கணும். ஆடு போனவங்களுக்குப் பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வந்தவரை வரட்டும் என்று எல்லாவற்றையும் உடனே கேட்காமல், எது எப்போது தேவை என்று பிரித்துச் சொன்ன அந்தப் பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆயினும் நம்பிக்கையோடு நிற்கவில்லை. அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவு எண், கொடுப்பவர்களுக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவு எண், தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெற்ற எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினேன்; முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் பார்த்தேன். வங்கிக் கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். தனிநபர் பெயருக்குப் போகும் கியூஆர் கோடுக்குப் பணம் அனுப்பச் சொன்னால், சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனுப்பக் கூடாது. ரொக்கமும் வேண்டாம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. வெள்ளத்துக்கு முன் அந்த ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்வியை மறக்காமல் கேளுங்கள்; புயலுக்குப் பிறகு முளைத்த அமைப்பு அங்கேயே திணறிவிடும்.

15,000 ரூபாயை முதலமைச்சர் நிதிக்குச் செலுத்தினோம். அறக்கட்டளைக்கான 45,000 ரூபாயில் 20,000 உடனே போனது. மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், கிணறு இறைக்க மோட்டார் வாடகை என்று கணக்கு வந்தது. மீதி 25,000 ரூபாயை நிறுத்தி வைத்ததில் தெருவில் சிலருக்கு வருத்தம்தான். ஜனவரிக் கடைசியில் அதை அனுப்பினோம். மூன்று குடும்பங்களுக்கு ஆளுக்கொரு சினை வெள்ளாடு வாங்கிக் கொடுத்தார்கள்.

ஓர் அறக்கட்டளையோடு ஒருமுறை பெற்ற அனுபவம்தான் இது. எல்லா அறக்கட்டளைகளும் இப்படித்தான் என்று நான் உறுதி கூற மாட்டேன். பெருந்தொகை திரட்டியவர்கள் நேரில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. மே மாதம் அவர்களிடமிருந்து கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் வந்தது. மூன்று ஆடுகளும் ஈன்றுவிட்டன, மொத்தம் ஐந்து குட்டிகள், அதில் ஒன்று கழிச்சல் கண்டு இறந்துவிட்டது, மருந்துக்கு 340 ரூபாய் செலவானது என்று எழுதியிருந்தார்கள். இறந்த குட்டியையும் கணக்கில் எழுதியிருந்த அந்தக் கடிதத்தைத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.