பதினைந்து வருஷப் பட்டாளமா, நான்கு வருஷ அக்னிபத்தா?

எங்கள் வேலூர் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பென்ஷனை நம்பித்தான் இரண்டு அக்காக்களின் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார்கள், அடைக்கவும் செய்தார்கள். அரசியலில் நான் வலதுசாரிப் பக்கம் நிற்பவன். நாட்டின் பாதுகாப்பை மனதில் வைத்து 2014 முதல் பா.ஜ.க.வுக்கே வாக்களித்து வருகிறேன். அப்படிப்பட்ட நான், சிப்பாய்களை நான்கு வருஷத்துக்கு மட்டும் சேர்க்க மத்திய அரசு 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தின் விஷயத்தில் என் தரப்பு ஆட்களிடமே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பழைய முறையில் சிப்பாயாகச் சேர்ந்தவர் குறைந்தது 15 வருஷம் இருந்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன் உண்டு. முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி, முன்னாள் படையினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம், கேன்டீன் எல்லாம் சேர்ந்து வரும். அக்னிபத்தில் பயிற்சிக் காலத்தையும் சேர்த்தே நான்கு வருஷம்தான். முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரை வைத்துக்கொள்வார்கள், 75 பேர் வீடு திரும்ப வேண்டும். சம்பளம் முதல் வருஷம் மாதம் 30,000, நான்காம் வருஷம் 40,000. இதில் 30 சதவீதம், பணி முடியும்போது மொத்தமாகக் கொடுக்கும் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்விடுவதால் கைக்கு வருவது 21,000-இல் தொடங்கும். பையன் கட்டுவது 5.02 லட்சம், அரசு போடுவதும் அதே அளவு. வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். அதற்கு வருமான வரி இல்லை. பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை, முன்னாள் ராணுவத்தினர் தகுதியும் இல்லை.

செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டால் அக்னிபத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷன் மட்டும் 1.60 லட்சம் கோடி. புது விமானம், கப்பல், பீரங்கி என்று மூலதனச் செலவுக்கு இருப்பது 1.80 லட்சம் கோடி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்பது எந்தப் படைக்கும் நல்லதில்லை. சிக்கனமான அரசு வேண்டும் என்று வாய் நிறையப் பேசுகிற நான் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 2022-இல் பழைய முறையில் ஒருவரைச் சேர்த்திருந்தால், அவருக்குப் பென்ஷன் தொடங்குவது எப்படிப் பார்த்தாலும் 2037-க்கு அப்புறம்தான். அக்னிபத்தால் பென்ஷனில் மிச்சமாகும் பணமும் அப்போதுதான் கைக்கு வரும். அடுத்த பத்து வருஷத்தில் லடாக்கிலும் அருணாசலத்திலும் வேண்டிய தளவாடங்களுக்கு அந்தப் பணம் உதவாது. அனுபவக் குறைவு மட்டும் இன்றைக்கே வந்துவிடும்.

அனுபவம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர்விட்ட ராமநாதபுரத்துப் பழனி, பீரங்கிப் படையில் ஹவில்தார். ஹவில்தார் என்றால் சின்னப் பையன்களுக்கு முன்னால் நிற்கிற மூத்தவர். அந்த இடத்துக்கு ஒருவர் வந்து சேரப் பல வருஷம் ஆகும். டாங்கி ஓட்டுவதும், கப்பலின் இன்ஜின் அறையைப் பார்த்துக்கொள்வதும், ரேடாரில் உட்காருவதும் அப்படித்தான். கை பழகி வருகிற நேரத்தில் நான்கில் மூன்று பேரை அனுப்பிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இளமையும் தேவைதான், மறுக்கவில்லை. அக்னிபத்தால் படையின் சராசரி வயது 4 முதல் 5 வருஷம் குறையும் என்று அரசு சொன்னது. சியாச்சினுக்கு ஏறுபவனுக்கு 22 வயது நுரையீரல் வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ரெஜிமென்ட்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-இலிருந்து இருக்கிறது. வெலிங்டனில் பயிற்சி முடிந்து வருகிறவன் 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்கும்போது, ஊரும் மொழியும் தாத்தா காலத்து நினைவும் அந்தக் குரலில் இருக்கின்றன. அக்னிபத்தோடு எந்த ஊர், எந்தச் சமூகம் என்று பார்க்காமல் எல்லோரையும் எல்லா ரெஜிமென்ட்டிலும் சேர்ப்பது என்ற போக்கும் வந்திருக்கிறது. நேபாளத்திலிருந்து நம் படைக்கு வரும் கூர்க்காக்களின் விஷயம் இன்னும் வேதனை. கூர்க்காக்களைச் சேர்ப்பது பற்றி இந்தியா, நேபாளம், பிரிட்டன் மூன்றும் செய்துகொண்ட 1947 முத்தரப்பு ஒப்பந்தத்துக்கு அக்னிபத் பொருந்துமா என்ற கேள்வி எழுந்து, நேபாளத்தில் 2022-இலேயே ஆள்சேர்ப்பு நின்றுபோனது. பழைய அமைப்பைக் கட்டிக்காப்பது தன் கொள்கை என்று சொல்கிற தரப்பு, நூற்றாண்டுகள் பழகிய ஒன்றை இவ்வளவு அவசரமாகக் கலைத்திருக்கக் கூடாது.

சரி, காங்கிரஸ் 2024 தேர்தல் அறிக்கையில் சொன்னதுபோல அக்னிபத்தை ரத்து செய்துவிட்டுப் பழையபடியே போய்விடலாமா? அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பென்ஷன் பாரத்துக்கு அங்கே பதில் இல்லை.

பதில் நம்மிடம் முன்பே இருந்தது. கார்கில் போருக்குப் பின் அமைத்த மறுஆய்வுக் குழு, படை இளமையாக இருக்க வேண்டும் என்றது. 17 வருஷமாக இருந்த பணிக்காலத்தை 7 முதல் 10 வருஷமாகக் குறைத்து, வெளியே வருகிறவர்களைத் துணை ராணுவத்துக்கு அனுப்பச் சொன்னது. அந்தக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர், இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா. அவர்கள் குறைந்தது 7 என்றார்கள், நாம் 4 ஆக்கினோம். துணை ராணுவத்துக்கு அனுப்புவதும் 10 சதவீத ஒதுக்கீடு என்ற அறிவிப்போடுதான் ஆரம்பித்தது.

ஆகவே என் தேர்வு இது: பணிக்காலம் எட்டு வருஷம், பாதிப் பேருக்காவது நிரந்தரப் பணி, மீதிப் பேருக்குத் துணை ராணுவத்திலும் மாநிலக் காவல் துறையிலும் நேரடி இடம். ரெஜிமென்ட்களின் அடையாளத்தில் கைவைக்க வேண்டாம். பணியில் உயிர்விடும் அக்னிவீரரின் (அக்னிபத்தில் சேர்ந்தவரின்) குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடும் 44 லட்சம் கருணைத் தொகையும் தருகிறார்கள். அதோடு, பழைய முறையில் சிப்பாய் வீட்டுக்குக் கிடைக்கும் குடும்பப் பென்ஷனையும் கொடுங்கள். ஒரே பனியில், ஒரே கண்ணிவெடியில் போன இரண்டு உயிர்களுக்கு இரண்டு சட்டம் வேண்டாம். எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பதவியில் ஒரே காலம் இருந்தவர்களுக்கு ஒரே பென்ஷன் என்ற 'ஒரே பதவி ஒரே பென்ஷனை' 2015-இல் அமலாக்கியது இதே அரசுதான். அதனால்தான் எதிர்க்கட்சி வாசலில் நிற்காமல் இவர்களிடமே கேட்கிறேன். முதல் பேட்ச் பையன்களுக்கு 2026 இறுதியில் நான்கு வருஷம் நிறைவடையத் தொடங்குகிறது. அதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.