லாங்சுவான் செலடான் வாங்குகிறீர்களா? தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

செலடான் என்பது பச்சைப் பூச்சுப் பூசிச் சுட்ட பீங்கான். சீனாவின் லாங்சுவான் சூளைகள் அதற்குப் பேர்போனவை. 14ஆம் நூற்றாண்டு, யுவான் அரசமரபுக் காலத்து லாங்சுவான், கையால் செதுக்கிய பூ என்று சொல்லி இணைய ஏலத்தில் ஒரு செலடான் தட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நடுவில் பியோனிப் பூ, சுற்றிலும் தாமரைக் கொடி. தட்டு முழுக்கப் புதுச் சரக்கு.

பூதான் முதலில் காட்டிக்கொடுத்தது. செதுக்குபவர் கத்தியைச் சாய்த்துப் பிடிப்பார். அதனால் வெட்டின் ஒரு பக்கம் ஆழமாக இறங்கும், மறுபக்கம் சரிந்து மேலேறும். பச்சைப் பூச்சு ஆழத்தில் தேங்கிக் கருக்கும், சரிவில் மெலிந்து வெளுக்கும். இதழ் எழும்பி நிற்பதுபோலத் தெரிவது இதனால்தான். எங்கள் தட்டில் எல்லாக் கோடும் ஒரே ஆழம், இரு ஓரமும் மழுங்கல், பச்சையும் ஒரே சீர். கத்தி இறங்கிய இடமும் எடுத்த இடமும் எங்குமே தெரியவில்லை. அச்சில் எடுத்த பூ அது. அச்சு என்றாலே போலி என்று நினைத்துவிடாதீர்கள். சீனாவின் ஷான்சி (Shaanxi) மாகாணத்து யாவ்சோ சூளைகளில், யுவானுக்கு முந்தைய வடக்கு சோங் காலத்திலேயே பூ அச்சுகள் உண்டு. கையால் செதுக்கியது என்று விற்றதுதான் பொய்.

அடுத்து அடிவளையம், அதாவது தட்டு ஊன்றி நிற்கும் வளையம். லாங்சுவான் மண்ணில் இரும்பு உண்டு. பூச்சு இல்லாத இடம் சூளையிலேயே செம்பழுப்பாகிவிடும். அந்த நிறம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும், தேய்த்தால் போகாது. இதில் அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்ததுமே பஞ்சு பழுப்பானது. 10 மடங்கு லென்ஸில் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின, உப்புத்தாள் வேலை. புழங்கிய தட்டில் கீறல் கண்டபடி ஓடும். அமிலத்தால் பளபளப்பைக் குறைத்திருந்தார்கள். கை படாத அடிக்குழியிலும் அதே மங்கல்.

விற்றவர்களிடம் கேட்டதும், பதிலுக்கு ஒரு கிண்ணம் அனுப்பினார்கள், வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழோடு. மண் சூளையில் சுடப்பட்டு எவ்வளவு காலமானது என்று கணிக்கும் சோதனை அது. இதுதான் பெரிய ஆபத்து. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்ததும் அடிப்பகுதியைச் சுற்றி ஒட்டுக்கோடு ஒளிர்ந்தது. உடைந்த பழைய அடியில் புதுக் கிண்ணத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். மாதிரியை அடியிலிருந்து மட்டும் எடுத்தால் சோதனை பழையது என்றுதான் சொல்லும். மாதிரி எடுத்த துளையின் படத்தைக் கேளுங்கள். அடி, உடல் இரண்டிலும் எடுத்திருக்க வேண்டும்.

பணம் இன்னும் திரும்பவில்லை. ரசீதில் "செலடான் தட்டு" என்று மட்டும் எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு மறுக்கிறார்கள். காலம், சூளை, செதுக்கியதா அச்சா, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்ற நான்கையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.