போர்க்கால வார இறுதிக்கு ‘ஒரிஜினல்’ ராணுவ உடுப்பு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 340 பவுண்டு போனது

340 பவுண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ‘ஒரிஜினல்’ ராணுவ ஜாக்கெட் என்று சொல்லி எனக்குப் போலியை விற்ற ஓர் ஆன்லைன் கடைக்கு நான் கொடுத்தது. இன்று மதியம் அந்தக் கடையிலிருந்து ஒரு மெயில் வந்தது. “இத்துடன் இந்த விஷயத்தை முடித்துக்கொள்கிறோம்” என்று ஒரே வரி. அவர்களுக்கு முடிந்திருக்கலாம், எனக்கு முடியவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள், அதிலும் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இரண்டாம் உலகப் போருக்குப் போன குடும்பத்துப் பிள்ளைகள், இதைக் கட்டாயம் படியுங்கள். வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வட யார்க்‌ஷரில் பிக்கரிங் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கிருந்து கிராஸ்மான்ட் வரை 18 மைல் நீராவி ரயில் ஓடுகிறது. 1965இல் மூடிய பாதையை ரயில் மேல் பிரியம் வைத்தவர்கள் சேர்ந்து 1973இல் மறுபடி ஓட வைத்தார்கள். அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு, ‘போர்க்கால வார இறுதி’ என்று அந்த ஊரே 1940களுக்குப் போய்விடும். கடைக் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பேப்பர் பட்டை, வாசலில் மணல் மூட்டை, தெருவில் ராணுவ ஜீப், சட்டையில் பெயர்ச்சீட்டும் தோளில் கேஸ் மாஸ்க் பெட்டியுமாகக் குழந்தைகள். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கால உடையில்தான் வருவார்கள். ஆனால் அந்தப் போரில் 25 லட்சம் பேரோடு நின்ற இந்திய ராணுவத்தின் உடுப்பை நான் அங்கே பார்த்ததே இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

என் தாத்தா வேலூர் பக்கம். இந்திய ராணுவத்தின் சரக்குப் பிரிவான ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி டிரைவர். திமாப்பூரிலிருந்து, 1944இல் ஜப்பான் படையோடு பெரும் சண்டை நடந்த கோஹிமா வழியாக இம்பால் போகும் மலைப்பாதையில் சரக்கு ஓட்டியவர். போர் முடிந்து ஊருக்கு வந்தபிறகு அவருடைய ராணுவச் சட்டை வயல் வேலையிலேயே உழைத்துக் கிழிந்து போனது என்று அப்பா சொல்வார். மிச்சம் இருப்பது ஒரு போட்டோவும் டிஸ்சார்ஜ் புத்தகமும்தான். பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது படை பர்மாவில் போட்ட அந்தப் பச்சை புஷ் ஜாக்கெட்டை (மேல்சட்டையை)ப் போட்டுக்கொண்டு பிக்கரிங் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

பழைய ராணுவப் பொருட்கள் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் கிடைத்தது. ‘ஒரிஜினல், இந்தியாவில் தைத்தது, 1944’ என்று போட்டிருந்தார்கள். போனில் பேசினேன். எடுத்தவர் அவசரமே படவில்லை. தாத்தா எந்தப் பிரிவு, எந்த வருஷம், எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோஹிமா என்று சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “யார்க் நகரத்திலேயே கோஹிமா மியூசியம் இருக்கிறதே, போயிருக்கிறீர்களா?” என்றார். அப்புறம் சொன்னார்: “இதை வாங்க இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இது உங்கள் குடும்பத்துக்குத்தான் போக வேண்டும்.” அந்த இடத்தில்தான் அவரை முழுசாக நம்பினேன். இவ்வளவு தெரிந்தவர், இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர். விலை 360, கார்டு கமிஷன் இல்லாமல் நேராக பேங்க் கணக்குக்கு அனுப்பினால் 340 என்றார். அனுப்பினேன். அழகாக மடித்து, கையெழுத்துப் போட்ட ‘அசல் சான்றிதழ்’ ஒன்றோடு பார்சல் வந்தது. வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

பிக்கரிங்கில், ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பெரியவர், பிரிட்டிஷ் சிப்பாய் உடுப்பில். பல வருஷமாக ராணுவ உடுப்பு சேர்ப்பவராம். 14ஆவது படை என்று பார்த்தவுடனே அடையாளம் கண்டு சந்தோஷமாகப் பேசினார். தையலைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். பையிலிருந்து சின்ன அல்ட்ராவயலட் டார்ச் ஒன்றை எடுத்து உள்பக்கத் தையல்மேல் அடித்தார். துணி மங்கலாக இருந்தது, நூல் மட்டும் நீலமும் வெள்ளையுமாகப் பளிச்சென்று மின்னியது. இந்தக் கால நூல்தான் அப்படி மின்னுமாம். “இப்போதைய சோப்புத்தூளில் துவைத்தால் பழைய துணியும் மின்னும். ஆனால் அப்படியானால் துணியும் சேர்ந்து மின்ன வேண்டும், நூல் மட்டும் மின்னாது” என்றார். இறங்கியதும் பிளாட்பாரத்தில், என்னைக் கேட்டுவிட்டு, விளிம்பில் தொங்கிய ஒரு பிசிறை இழுத்து லைட்டரைக் காட்டினார். பருத்தி நூல் என்றால் எரிந்து சாம்பலாக வேண்டும். இது சுருண்டு உருகி, கறுப்பாக, கெட்டியாக, கடுகு மாதிரி நின்றது. பாலியஸ்டர். கடைசியாகப் பக்கத் தையலை விரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை நைலான் லேபிள் ஒன்றைக் கத்தரியால் ஒட்ட வெட்டிய விளிம்பு. ‘இந்த வெப்பத்தில் துவைக்கவும்’ என்று போட்டிருக்குமே, அந்த லேபிள். அம்புக்குறி ராணுவ முத்திரை புது மையில் குத்தியது.

அவர் ஒன்று சொன்னார், அதை இங்கே சொல்லியாக வேண்டும். ரெப்ளிகா, அதாவது அந்தக் கால மாதிரியில் புதிதாகத் தைத்த நகல், போடுவதில் எந்தக் கேவலமும் இல்லை, அவர் போட்டிருந்ததே ரெப்ளிகாதான். அதை ரெப்ளிகா என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்கும் நேர்மையான கடைகள் எத்தனையோ இருக்கின்றன. புதுச் சட்டையை வாங்கி, லேபிளை வெட்டி, டீத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கி, 340 பவுண்டுக்கு விற்பது வேறு.

வீட்டுக்கு வந்த அன்றே போட்டோக்களோடு மெயில் போட்டேன். முதல் பதில்: “ரயிலில் பார்த்த யாரோ ஒருவர் நிபுணர் ஆகிவிட மாட்டார்.” சரி, லேபிளை வெட்டிய தடத்தின் படம் அனுப்பினேன். “பழைய துணிகளைப் பின்னாளில் யாராவது பழுது பார்த்திருக்கலாம்.” அப்போது மொத்த ஜாக்கெட்டையுமா பாலியஸ்டர் நூலில் திரும்பத் தைத்தார்கள் என்று கேட்டேன். “நீங்கள் அணிந்துவிட்டீர்கள், அணிந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.” போன் செய்தால் எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் அதே குரல், அதே தாழ்ந்த மரியாதை, “ஓனர் வெளியூர் போயிருக்கிறார்” என்கிறது. என் தாத்தாவின் ஊரைக் கேட்ட அதே குரல்! நடுவில் அவர்கள் தளத்தில் போய்ப் பார்த்தால் அந்த ஜாக்கெட்டின் விளம்பரப் பக்கமே இல்லை. என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

பேங்க்கில் கேட்டேன். பணம் அனுப்ப வைத்து ஏமாற்றினால் பேங்க் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் “பொருள் வந்துவிட்டது, தரத்தில்தான் தகராறு, இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள சிவில் பிரச்சினை” என்று கையை விரித்துவிட்டார்கள். 340 பவுண்டு எனக்குச் சின்னத் தொகை இல்லை. அதைவிட, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை பேசும்போதும் “அந்தச் சட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா” என்று கேட்கிறார்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 100 பவுண்டுக்கு மேல் எதுவானாலும் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவில் கார்டு கம்பெனியும் பொறுப்பு. டிரான்ஸ்ஃபருக்கு விலை குறைக்கிறேன் என்றால் போனை வையுங்கள். உள்தையல் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சான்றிதழை நம்பாதீர்கள், யாரும் அடித்துத் தரலாம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தந்து முழுப் பணமும் கேட்க 2015 நுகர்வோர் சட்டத்தில் உரிமை உண்டு, போட்டுப் பார்த்ததால் அது போய்விடாது.

இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸில் புகார் பதிவு செய்துவிட்டேன். கடைக்குக் கடைசி நோட்டீஸ் திங்கட்கிழமை தபாலில் போகிறது. 14 நாளில் 340 பவுண்டும் வராவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அதற்குக் கட்டணம் 50 பவுண்டு. இதே மாதிரி பச்சை புஷ் ஜாக்கெட், இதே மாதிரி சான்றிதழோடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பக்கத் தையலை இப்போதே விரித்துப் பார்த்து எனக்குப் படம் அனுப்புங்கள்.