புராஜெக்ட் ரிப்போர்ட்டா, ஆர்எஃப்பி வேலையா? கடலூர், புதுச்சேரி காமர்ஸ் பட்டதாரிகளுக்கு ஓர் ஒப்பீடு

கணக்கும் வரும், எழுத்தும் வரும் என்ற தெம்போடு பி.காம். முடித்து வரும் பிள்ளைகளுக்கு நிதித்துறையில் இரண்டு வேலைகள் கண்ணில் படும். ஒன்று, உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து வங்கிக் கடனுக்கான புராஜெக்ட் ரிப்போர்ட்டும் சிஎம்ஏ டேட்டாவும் (கடன் கேட்பவரின் வரவு செலவுக் கணக்கையும் கணிப்பையும் வங்கிக்குக் காட்டும் அட்டவணைகள்) தயாரிப்பது. இன்னொன்று, சென்னைக்குப் போய் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்துக்கு ஆர்எஃப்பி எழுதுவது, அதாவது பணத்தை ஒப்படைக்க ஆள் தேடுபவர் அனுப்பும் கேள்வித்தாளுக்கு நிறுவனத்தின் சார்பில் பதில் எழுதுவது. பணம் வைத்திருப்பவரிடம் காரணம் காட்டிப் பணம் கேட்கும் எழுத்துதான் இரண்டும். ஆனால் கற்றுத்தருவது வேறு, கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமும் வேறு.

முதல் வேலையைப் பலரும் டைப்பிங் வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலைக்கு ரிப்போர்ட் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய் என்று கணிக்கிறீர்கள். சிறுதொழில் கடனுக்காக ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறைப்படி நடைமுறை மூலதனத் தேவை (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம்) அதில் 25 சதவீதம், அதாவது 50 லட்சம். வங்கி 40 லட்சம் தரும், முதலாளி கையிலிருந்து 10 லட்சம் போட வேண்டும். இதுவரை எக்செல்லே செய்துவிடும். ஆனால் நம் பக்கம் கொட்டை விழுவது கோடையில்தான். வருஷம் பூராவும் உடைக்க வேண்டியதைச் சில மாதங்களுக்குள் வாங்கிக் காயவைத்துக் குடோனில் அடுக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் 50 லட்சம் எந்த மூலைக்கு? வங்கி தரும் அந்த 40 லட்சம், அதாவது விற்பனையில் 20 சதவீதம் என்பது, வங்கி தர வேண்டிய குறைந்தபட்ச அளவு. கையிருப்பு எத்தனை நாளுக்கு நிற்கும் என்று மாதவாரியாகக் காட்டினால் கூடுதலாகக் கேட்க இடமிருக்கிறது. அதைக் காட்டத் தெரிந்த பையனுக்கு ஒரு தொழில் எப்படி மூச்சு விடுகிறது என்பது புரிந்துவிடும்.

திட்டங்களும் தெரிய வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 75 லட்சம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரியில் இறங்கினால் அது செல்லாது. அங்கே பிப்டிக் (புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சி, முதலீட்டுக் கழகம்), வேறு விதிகள். இரண்டு பக்கமும் அறிந்த ஆள் இந்த வட்டாரத்தில் அதிகமில்லை.

குறை இல்லாமல் இல்லை. சம்பளம் குறைவு. கையெழுத்து ஆடிட்டருடையது, உங்கள் பெயர் எங்கேயும் வராது. அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றி, கடனை அடைக்கும் திறனைக் காட்டும் டிஎஸ்சிஆர் 1.5-க்கு மேல் வரும்வரை விற்பனையை ஏற்றிக்கொண்டே போகும் ஆபீஸ்கள். அங்கே பத்து வருஷம் இருந்தாலும் தேறாது. அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கியவர் பிறகு தவணை கட்ட முடியாமல் தவிப்பார்.

அடுத்தது ஆர்எஃப்பி. அமெரிக்காவில் ஓர் ஓய்வூதிய நிதி, தன் பணத்தை நிர்வகிக்க ஆள் தேடும்போது முதலீட்டு நிறுவனங்களுக்கு நீண்ட கேள்வித்தாள் அனுப்பும். உங்கள் முதலீட்டுக் குழுவிலிருந்து மூன்று வருஷத்தில் யார் விலகினார்கள், ஏன்? சந்தைக் குறியீட்டைவிட வருவாய் குறைந்த ஆண்டில் என்ன நடந்தது? கட்டணம் கழித்தபின் என்ன மிஞ்சியது? பதில்களை ஃபண்ட் மேனேஜர், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கி, கெடு தேதிக்குள் ஒரே குரலில் எழுதித் தர வேண்டும். ஒரு முதலீட்டு நிறுவனம் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதை இளம் வயதிலேயே முழுசாகப் பார்க்கும் வாய்ப்பு இது. ஆங்கிலமும் கூர்மையாகும், சம்பளமும் உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸைவிட மேல்.

சரி, சிக்கல் எங்கே? பதில்களில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதிச் சேமித்துவைத்த தொகுப்பிலிருந்து வரும். அதில் தேடி எடுத்து ஒட்டுவதோடு நிற்கிறவரின் வேலையை இப்போது ஏஐ மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, ஏன் ஜெயித்தோம், ஏன் தோற்றோம் என்ற சேதி பெரும்பாலும் விற்பனைக் குழுவோடு நின்றுவிடும், எழுதியவர் காதுக்கு வராது. ஆடிட்டர் ஆபீஸில் அப்படியில்லை. "மின்கட்டணத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று வங்கி கேட்டால், எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வங்கித் தேர்வு எழுதிக் கடன் பிரிவுக்கே போய்விட்டால்? இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள், அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

கற்பதற்கு என் ஓட்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு. கூடவே சிஏ இன்டர் படிப்பவருக்கு அது இரட்டை லாபம். குடும்பத்தில் கல்விக் கடன் பாக்கி, தங்கை படிப்பு என்று பாரம் இருந்தால் ஆர்எஃப்பிக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே சிஎஃப்ஏ (முதலீட்டுத் துறைக்கான சர்வதேசத் தேர்வு) படித்து, மூன்று வருஷத்துக்குள் வாடிக்கையாளர் சேவைக்கோ புராடக்ட் குழுவுக்கோ நகரப் பாருங்கள்.

இன்டர்வியூவில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். ஆடிட்டரிடம், "பேங்க் மேனேஜர் கூப்பிடும்போது நானும் கூட வரலாமா சார்?" ஆர்எஃப்பி குழுத் தலைவரிடம், "இங்கிருந்து வேறு பிரிவுக்குப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.