பிழையுள்ள வேலை அறிவிப்பு: கேட்டுவிட்டு விண்ணப்பிப்பதா, விண்ணப்பித்துவிட்டுக் கேட்பதா?

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஆள்சேர்ப்பு விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். பணியிடம் ‘ஓசூர், தருமபுரி மாவட்டம்’ என்று அச்சாகியிருக்கிறது. தலைப்பில் மெக்கானிக்கல் டிப்ளமோ கேட்கிறார்கள், உள்ளே ஐ.டி.ஐ. ஃபிட்டர் போதும் என்கிறார்கள். முதல் பிழையால் நமக்கு நட்டமில்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூர் தருமபுரியோடுதான் இருந்தது. பழைய படிவத்தையே இன்னும் பயன்படுத்துகிறார்கள் போலும். இரண்டாவது பிழையோ நாம் விண்ணப்பிக்கலாமா என்பதையும், எந்தச் சம்பளத்தில் சேர்வோம் என்பதையும் முடிவு செய்வது.

தனியார் நிறுவனமென்றால் முதலில் கேட்டுவிடுவதே மேல் என்பேன். கேட்காமல் விண்ணப்பித்த டிப்ளமோகாரர், நேர்காணல் முடிந்து சேரும் நாளில்தான் அது ஐ.டி.ஐ. சம்பளத்துக்கான இடம் என்று அறிய நேரலாம். கேட்பதால் ஓரிரு நாள் தாமதமாகும், அதற்குள் இடம் நிரம்பிவிடவும் கூடும். ஆனாலும் அந்த இழப்பு சிறியது. வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குத்தான் பேச வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களில் அந்த நிறுவனத்தார் வந்திருந்தால், தொலைபேசியைவிட நேரில் கேட்பது இன்னும் தெளிவாக இருக்கும்.

அரசு வேலையில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிறது. தருமபுரி மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணிக்கான அறிவிப்பில் தமிழில் ஒரு கடைசி நாளும் ஆங்கிலத்தில் வேறொரு நாளும் இருந்தால், விளக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டில் முன்னதாக வரும் நாளையே கடைசி நாளாகக் கொண்டு, அலுவலகம் மூடும் மாலை 5.45 மணிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ விரைவு அஞ்சலில் அனுப்புவதைவிட, முடிந்தவர்கள் தருமபுரிக்கே சென்று தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது. அதன் பிறகு சந்தேகத்தை எழுத்தில் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்ட பதில் விண்ணப்பப் பரிசீலனையின்போது கைகொடுக்காது. “செக்‌ஷனில் அப்படித்தான் சொன்னார்கள்” என்பதை யாரும் ஆதாரமாக ஏற்கமாட்டார்கள். திருத்த அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் மாவட்ட இணையதளத்திலேயே வரும் என்பதால், கடைசி நாள் வரை அதையும் பார்த்துவர வேண்டும்.

இன்னொரு கேள்வி, பிழையை விண்ணப்பத்தில் சுட்டுவதா அல்லது நாமே சரியாக ஊகித்து நிரப்பிவிடுவதா என்பது. சொந்த ஊகத்தில் பதவியின் பெயரையோ அறிவிப்பு எண்ணையோ மாற்றி எழுதுவது ஆபத்து. விண்ணப்பம் வேறு கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும். அச்சில் உள்ளதை அப்படியே எழுதி, முகப்புக் கடிதத்தில் ஒரே வரி சேர்த்தால் போதும்: “அறிவிப்பில் கல்வித்தகுதி இரண்டு இடங்களில் வேறுபடுகிறது, டிப்ளமோ என்று கொண்டு விண்ணப்பிக்கிறேன், என்னிடம் ஐ.டி.ஐ. சான்றும் உள்ளது.” இதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, பிறகு தகராறு எழுந்தால் நம் பக்கம் ஒரு சான்றும் இருக்கிறது. எழுத்துப் பிழைகளை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டாம்; அதனால் விண்ணப்பதாரருக்கு எந்தப் பயனும் இல்லை.

டி.என்.பி.எஸ்.சி. போன்ற இணையவழி விண்ணப்பங்களில் முகப்புக் கடிதத்துக்கு இடமில்லை. கடைசி நாளுக்குப் பின் திருத்தம் செய்யச் சில நாள் அவகாசம் தருகிறார்கள் என்றாலும், அது நாம் நிரப்பியதைத் திருத்துவதற்கே. அங்கே அறிவிக்கையையும் அதற்குப் பின் வெளியாகும் பிற்சேர்க்கையையும் சேர்த்துப் படிப்பதுதான் ஒரே வழி.

விட்டுவிட வேண்டிய அறிவிப்புகளும் உண்டு. நிறுவனத்தின் பெயரிலேயே எழுத்து மாறி, தொடர்புக்கு வெறும் ஜிமெயில் முகவரி தந்து, சீருடைக்கோ பயிற்சிக்கோ முன்பணம் கேட்டால், அதைக் கவனக்குறைவு என்று எண்ணி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.