45 டாலர் இனுக்சுக்: பசை கழன்ற கதை

டொராண்டோவில் ஒரு நினைவுப்பொருள் கடையில் 45 டாலர் கொடுத்து ஒரு குட்டி இனுக்சுக் வாங்கினேன். கனடாவின் வடக்கில் வாழும் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் கல்லால் வைக்கும் அடையாளம்தான் இனுக்சுக். கடைப் பெயர் வேண்டாம், இதே பொம்மை நாலைந்து கடைகளில் பார்த்துவிட்டேன். உள்ளங்கை உயரம், ஏழு கல், இரண்டு கால், நீட்டிய கைகள், மேலே தலை. பார்க்க அழகுதான். ஆனால் வீட்டில் விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பசை மஞ்சளாக வழிந்து காய்ந்திருக்கிறது, அடியில் பச்சை வெல்வெட் துணி கோணலாக ஒட்டியிருக்கிறது, மூன்றாவது வாரம் இடது கை கழன்றே விழுந்துவிட்டது.

பசையைக்கூட மன்னித்துவிடலாம். பெட்டியில் போட்டிருக்கும் 'இனுக்சுக்' என்ற பெயர்தான் உறுத்துகிறது. இப்படிக் கை கால் வைத்து ஆள் போல அடுக்குவதற்கு இனுவிட் மக்கள் வைத்திருக்கும் பெயர் இனுங்குவாக், மனிதனைப் போலச் செய்தது என்று பொருள். இனுக்சுக் என்றால் மனிதனுக்குப் பதிலாக நின்று வேலை பார்ப்பது. மரமே இல்லாத வடக்கில், பனி மூடிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் நிலத்தில், வழி இந்தப் பக்கம், மீன் கிடைக்கிற இடம் இது, இறைச்சியைப் பத்திரப்படுத்தியது இங்கே என்று அது சொல்ல வேண்டும். அதற்குத் தலை எதற்கு, கை எதற்கு? ஒற்றைக் கல்லை நிமிர்த்தி வைத்தாலும் இனுக்சுக்தான். சிலவற்றில் ஜன்னல் போல ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள், அதன் வழியாகப் பார்த்தால் போக வேண்டிய திசை தெரியும். கரிபூ மான் வேட்டைக்கு வரிசையாக அடுக்கி வைப்பதும் உண்டு, ஆட்கள் நிற்கிறார்கள் என்று மிரண்டு மந்தை வேட்டைக்காரர்கள் பதுங்கியிருக்கும் பக்கமாக ஓடும். வட கனடாவின் பாஃபின் தீவில் இனுக்சுக் முனை என்ற இடத்தில் நூற்றுக்கு மேல் இனுக்சுக்குகள் நிற்கின்றன, 1969இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலம் ஆக்கினார்கள்.

கடைகள் எல்லாம் ஆள் வடிவத்தையே பிடித்துக்கொண்டதற்கு 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் சின்னத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அந்தச் சின்னமும் கை கால் வைத்த கல் ஆள்தான், சிரித்துக்கொண்டே நிற்கும். இனுவிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் வடபகுதியான நூனவுட்டுக்கு 1999இல் வந்த கொடியில் துருவ நட்சத்திரத்தோடு நிற்கும் சிவப்பு இனுக்சுக்கைப் பாருங்கள், அதற்கு முகமே கிடையாது.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால் இக்லூ என்ற பனிவீட்டின் படம் போட்ட சீட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். இனுவிட் கலைஞர் செய்தது என்பதற்கு 1958 முதல் கனடாவில் புழங்கும் அடையாளம் அது. என் பெட்டியில் மேப்பிள் இலை ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. யார் செய்தது என்று கேட்டதற்கு, "கையால் செய்ததுதான்" என்றார் விற்பனையாளர். யாருடைய கை என்பதற்குப் பதில் இல்லை.

ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் கல்லுக்குத்தான், வழுவழுப்பாகச் சாம்பல் நிறத்தில் நன்றாகவே இருக்கிறது. கழன்ற கையோடு மாற்றப் போனேன், 14 நாள் தாண்டிவிட்டது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்.